எதிர்க்கட்சி வக்கீலிடம் வந்த சாவி

எழுபதுகளின் கடைசியில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை வளர்ந்துகொண்டிருந்த சமயத்தில் நடந்தது இது. நான் அப்போது வக்கீலாகப் பதிவு செய்து அதிக காலம் ஆகவில்லை. திருவள்ளூரில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்தேன். அவரிடம் வருவதில் பாதிக்கு மேல் கடன் வசூல் கேஸும் திவால் கேஸும்தான். ஊரில் யாராவது திவால் மனு போட்டு, அதாவது 'ஐ.பி.' கொடுத்து, கடன் கொடுத்தவர்களுக்கெல்லாம் மஞ்சள் கடுதாசி போய்ச் சேர்ந்தால், மறுநாள் காலையில் அத்தனை பேரும் எங்கள் ஆபீஸ் வாசலில் நிற்பார்கள்.

என் அம்மாவுக்கு இதில் பெரிய வருத்தம். "மஞ்சக் கடுதாசி வக்கீல்னு பேர் வாங்கினா உன்னை யாருடி பண்ணிப்பா?" என்பாள். எனக்கென்னவோ அந்தச் சட்டம் பிடித்திருந்தது. கொடுத்தவன், வாங்கியவன் என்று இரண்டே பக்கம். இதில் குழம்புவதற்கு ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கட்சிக்காரர் ஒருவர் திருவள்ளூரில் இரும்புக் கடை வைத்திருந்தார். கும்மிடிப்பூண்டியில் போல்ட், நட்டு செய்யும் ஒரு சின்ன கம்பெனிக்குக் கடனில் கம்பி கொடுத்துக்கொண்டே இருந்தார். பணம் வரவில்லை. கேஸ் போட்டு ஜெயித்தோம். அதற்குள் கம்பெனி முதலாளி தலைமறைவு. மிச்சம் இருந்தது மெஷின்கள்தான். அவற்றை ஜப்தி செய்ய கோர்ட்டில் உத்தரவு வாங்கினோம். ஜப்தி செய்ய வரும் கோர்ட் அமீனாவுக்கு மெஷின்களை அடையாளம் காட்ட எங்கள் தரப்பில் யாராவது போக வேண்டும். இரும்புக் கடைக்காரர் காய்ச்சலில் படுத்திருந்ததால் சீனியர் என்னை அனுப்பினார்.

பெரியபாளையம் வழியாக பஸ் பிடித்துப் போனேன். பொன்னேரியிலிருந்து ரயிலில் வருவதாகச் சொன்ன அமீனாவைக் காணோம். சரி, கம்பெனி வாசலில் காத்திருக்கலாம் என்று நடந்தேன். தார் போடாத செம்மண் ரோடு. பல மனைகளில் போர்டு மட்டும்தான் நின்றது.

கம்பெனி கேட் பூட்டியிருந்தது. எதிரே ஒரு வேலமர நிழலில் ஆணும் பெண்ணுமாகத் தொழிலாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் புடவைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டிருந்த ஒரு பெண் எழுந்து ஓடி வந்தாள். நாற்பது வயது இருக்கும்.

"வந்துட்டாங்க! அந்தம்மா வந்துட்டாங்க!"

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஒருவர் என் கைப்பையை வாங்கிக்கொண்டார். இன்னொருவர் டீ வாங்கிவர ஓடினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஜப்திக்குப் போகிற இடத்தில் வசவு விழும், கல் விழும் என்றெல்லாம் சீனியர் சொல்லியிருந்தார். டீ வரும் என்று சொல்லவில்லை.

"நான் திருவள்ளூர்லேர்ந்து வரேன். மெஷின் விஷயமா..." என்று இழுத்தேன்.

"தெரியும்மா. மெசினுங்கள வந்து பாரு. நாஷ்டா துன்னியா?" என்றாள் அந்தப் பெண். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கேட்டைத் திறந்து என்னை உள்ளே அழைத்துப் போனாள். லேத், பிரஸ் எல்லாம் கோணிப்பை போர்த்தி வரிசையாக நின்றன. ஒரு மெஷின் மேலிருந்த கோணியைத் தூக்கிக் காட்டினாள். எண்ணெய் தடவிப் பளபளவென்று இருந்தது.

"மொதலாளி ஓடிப் பூட்டான். நாங்கதான் மாத்தி மாத்தி காவல் இருந்துகினு கெடக்கறோம். துரு புடிக்க வுடல" என்றாள்.

வெளியே வந்து கேட்டைப் பூட்டியதும், சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"எங்க கூலி வர்ற வரிக்கும் இத நீயே வெச்சிக்கோம்மா. எங்க கைல இருந்தா எவனாச்சும் மெரட்டி வாங்கிக்கினு பூடுவான். திருவள்ளூர் இரும்புக் கடைக்காரன் ஒருத்தன் கோர்ட்டுல ஆர்டர் வாங்கிக்கினு சுத்தறானாம். லேபர் ஆபீசுலேர்ந்து ஒரு அம்மா வருவாங்க, அவங்க வர்ற வரிக்கும் யாரையும் உள்ள வுடாதீங்கன்னு அந்த ஆபீசுலயே சொன்னாங்க. நல்ல காலம், நீ வந்துட்டே."

அந்த இரும்புக் கடைக்காரரின் வக்கீல் நான்தானே?

வாயைத் திறப்பதற்குள் அமீனா வந்து சேர்ந்தார். ரயில் நடுவழியில் நின்றுவிட்டதாம். என் கையில் சாவியைப் பார்த்ததும் ஓரமாகக் கூப்பிட்டார்.

"எப்டிம்மா வாங்கினீங்க? இது பூட்டியிருந்தா நான் ஒடைக்க முடியாது. அதுக்குத் தனி ஆர்டர் வேணும். இப்ப வேல சுளுவாயிட்ச்சு. தொறந்து வுடுங்க, நான் லாரியக் கூட்டாறேன்."

என் மனம் இரண்டு பக்கமும் ஓடியது. நான் பொய் சொல்லவில்லை. அவர்களாகவே தப்பாகப் புரிந்துகொண்டார்கள், அவர்களாகவே கொடுத்தார்கள். என் கட்சிக்காரர் ஜெயித்த கேஸ், கோர்ட் கொடுத்த உத்தரவு. திறந்துவிடுவதுதான் என் கடமை. இப்படி நினைத்துக்கொண்டே லாரி வரும் பக்கம் பார்த்தவள், கால் மட்டும் அந்தப் பெண்ணை நோக்கி நடப்பதை உணர்ந்தேன்.

"இந்தாங்க சாவி. நீங்க நினைக்கிற ஆள் நான் இல்லை. நான் அந்த இரும்புக் கடைக்காரரோட வக்கீல்" என்றேன்.

பின்னாலிருந்து ஒருவர், "இன்னாது! டீ வேற வாங்கிக் குடுத்தமே!" என்று கத்தினார். கூட்டம் எங்களைச் சூழ்ந்தது. அமீனா என் பின்னால் ஒதுங்கினார். அந்தப் பெண்தான் கையை விரித்து எல்லோரையும் நிறுத்தினாள்.

"இரு நைனா, இரு" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "இன்னாத்துக்கு சொன்னே? சொல்லாங்காட்டி உன் வேல முடிஞ்சிருக்குமே?"

"தெரியலைங்க."

"அப்ப எங்க கூலிக்கு நீயே ஒரு கேசு போடுவியா?"

"முடியாதுங்க. நான் எதிர்க்கட்சி. நீங்க நாளைக்கே பொன்னேரியில வேற ஒரு வக்கீலைப் பாருங்க."

"எதிர்க்கட்சின்றே, சாவியத் திருப்பித் தர்றே. பேஜாரா கீதே! இன்னாம்மா உன் கணக்கு?"

கேட் பூட்டியிருந்தது, திறக்க ஆட்சேபணை என்று எழுதிக்கொண்டு அமீனா கிளம்பினார்.

மறுநாள் இரும்புக் கடைக்காரர் காய்ச்சலோடு ஆபீசுக்கு வந்துவிட்டார். நடந்ததை நானே சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினார்.

"நீ செஞ்சது நாயமாக்கூட இருக்கலாம்மா. ஆனா அந்தக் கம்பிய நானும் மெட்ராஸ்ல கடனுக்குத்தான் எடுத்தேன். நாளைக்கு என் கடைக்கும் ஒரு அமீனா வருவான். அப்ப என் சாவிய எந்த வக்கீலம்மா திருப்பிக் குடுக்கும்?"

முந்தின நாள் கேஸ் என்று மட்டும் பார்த்து, நான் யோசிக்காமல் விட்ட ஆள் இவர்தான். இவருக்காக வாதாட வேண்டிய நானே இவரை மறந்திருந்தேன். அந்தக் காக்கிச் சட்டைப் பெண்ணும் கண் முன்னே நின்றாள். யார் பக்கம் நியாயம் என்று கேட்டால் அன்று என்னால் சத்தியமாகச் சொல்லியிருக்க முடியாது. சீனியர் திட்டியிருந்தாலாவது ஒரு பிடிப்பு கிடைத்திருக்கும். அவர் கேஸ் கட்டைத் தூக்கி என் மேஜையில் வைத்து, "நீயே முடி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சட்டப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்து ஒரு வழி கண்டுபிடித்தேன். முதலாளியைத் திவாலானவர் என்று அறிவிக்கச் சொல்லி நாமே மனு போடலாம். மெஷின்கள் கோர்ட் நியமிக்கும் அதிகாரியான ரிசீவர் கைக்குப் போகும். முந்திக்கொண்டவன் அள்ளிப்போக முடியாது. விற்று வருவதை எல்லோருக்கும் பங்கு போடுவார்கள். ஆனால் கூலிப் பாக்கியில் ஒரு பகுதிக்கு முன்னுரிமை. அதையும் மறைக்காமல் இரும்புக் கடைக்காரரிடம் சொன்னேன்.

"அவங்களுக்குக் குடுத்துட்டு மீந்தது எனக்குன்றே. நான் எதுக்கும்மா இதச் செய்யணும்?"

"பூட்டை உடைக்கப் போனா அடிதடி ஆகும். அதுக்குள்ள கடன் கொடுத்த மத்தவங்களும் வந்துடுவாங்க. இதுல குறைஞ்சாலும் ஏதாவது வரும்" என்றேன். எனக்கே முழு நம்பிக்கை இல்லை. அவர் மனசில்லாமல்தான் கையெழுத்துப் போட்டார். அவருக்குக் கம்பி கொடுத்த மெட்ராஸ் வியாபாரியிடம் நானே கூடப் போய், மனுவைக் காட்டி அவகாசம் கேட்டு வாங்கினேன்.

விசாரணை நாளில் அந்தப் பெண் கோர்ட்டுக்கு வந்திருந்தாள். தொழிலாளர்களுக்கு வேறு வக்கீல் அமைந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே கேட்டாள். "இன்னாம்மா, இன்னிக்கு நீ எந்தப் பக்கம்?" வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முடிவு ஒரேயடியாக நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை. கம்பெனியை அப்படியே ஒருவர் ஏலத்தில் எடுத்தார். தொழிலாளர்களுக்குக் கூலிப் பாக்கியில் ஒரு பங்கு கிடைத்தது. பலருக்கு அங்கேயே வேலையும் கிடைத்தது. ஆனால் புது முதலாளி பெண்களை எடுக்கவில்லை. என்னிடம் சாவி கொடுத்தவள் வேலை இல்லாமல்தான் போனாள். இரும்புக் கடைக்காரருக்கு வர வேண்டியதில் பாதிகூட வரவில்லை. கடை மட்டும் தப்பித்தது. அதன்பிறகு அவர் எங்கள் ஆபீசுக்கு வரவில்லை. தேரடியில் எதிர்ப்பட்டால் தலையை லேசாக அசைத்துவிட்டுப் போவார். அது நன்றியா, கோபமா என்று எனக்குக் கடைசிவரை புரிந்ததில்லை.

பிறகு வாழ்நாள் முழுவதும் இதே கேஸ்களைத்தான் நடத்தினேன். கடன் கொடுத்தவர்களுக்காகவும் நின்றேன், நொடித்துப் போனவர்களுக்காகவும் நின்றேன். அன்று நான் செய்தது என் கட்சிக்காரருக்கு நியாயமா என்று இன்று கேட்டாலும் எனக்குப் பதில் தெரியாது. ஆனால் அந்தக் குழப்பம் கொஞ்சமும் இல்லாமல் ஒரு கேஸ் என் கைக்கு வரும்போதெல்லாம், யாரையோ கவனிக்காமல் விட்டிருக்கிறேன் என்று எனக்குப் பயம் வந்துவிடும்.