எலிக்கு வைத்த பொட்டு

சிவப்பு வட்டப் பொட்டுகள் ஒட்டிய அட்டை ஒன்று என் ஆய்வக மேசை டிராயரில் எப்போதும் கிடக்கும். நாகல் நகரில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் வாங்குவது. கடைக்காரப் பெண் ஆரம்பத்தில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இப்போது நான் படியேறும்போதே அட்டையை எடுத்து நீட்டிவிடுகிறாள். எலிகளுக்குத்தான் வாங்குகிறேன் என்று நான் சொன்னதில்லை, சொன்னால் நம்பவும் மாட்டாள். முதல் அட்டை மட்டும் கடையில் வாங்கியதல்ல. அத்தை கொடுத்தது.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. சித்தையன்கோட்டையில் பிறந்து திண்டுக்கல்லுக்கு வாக்கப்பட்டு வந்தவள். வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். முகம் கழுவப் போகும்போது நெற்றிப் பொட்டை எடுத்து மெஷினின் கழுத்தில் ஒட்டிவிட்டுப் போவாள், திரும்பி வந்து புதிதாக ஒன்றை வைத்துக்கொள்வாள். பழையது மெஷினிலேயே தங்கிவிடும். கறுப்பு இரும்பு தெரியாத அளவுக்குப் பொட்டுகள். ஊருக்கு வெளியே இருந்த மருந்தியல் கல்லூரியில் நான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த பிறகு மதியச் சாப்பாடு பெரும்பாலும் அவள் வீட்டில்தான். எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே சாப்பிடுவேன். "ஏலே, கால்ல சக்கரத்தக் கட்டிக்கிட்டாடா பொறந்த? செத்த நேரம் ஒக்காந்து சாப்புடு. வெஞ்சனம் வைக்க உன் பின்னாடியே ஓட முடியல" என்பாள்.

என் ஆராய்ச்சி பக்கவாதம் பற்றியது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் என்ன ஆகிறது, அந்தச் சேதத்தை எந்த மருந்து குறைக்கும் என்று மனிதர்களிடம் நேரடியாகச் சோதித்துப் பார்க்க முடியாது. அதனால் எலி. மயக்க மருந்து கொடுத்து, கழுத்து ரத்தக்குழாய் வழியாக மெல்லிய நைலான் நூலை மூளைவரை செலுத்தி அடைப்பை நாமே உண்டாக்குவோம். குறித்த நேரம் கழித்து நூலை உருவினால் ரத்தம் மறுபடி ஓடும். மயக்கம் தெளிந்த எலி ஒரு பக்கமாகவே வட்டமடிக்கும். பிறகு அதன் முன்னங்கால்கள் இரண்டிலும் சின்னதாக ஒட்டுத்தாள் வைப்போம். உணர்ச்சி இருக்கிற காலிலிருந்து அது பல்லால் கடித்து உடனே எடுத்துவிடும். வாதம் வந்த காலில் அப்படியே இருக்கும். நாளாக ஆக, அந்தக் காலிலிருந்தும் எடுக்கத் தொடங்கினால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள்.

இதற்கென்றே விற்கும் ஒட்டுத்தாள் எங்கள் கல்லூரிக்கு வந்து சேரவே இல்லை. ஒரு மதியம் சாப்பிட்டுக்கொண்டே நடந்தவன் மெஷின் கழுத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். "அத்தை, ஒரு பொட்டு அட்டை குடேன்" என்றேன்.

"கல்யாணம் ஆகாத பயலுக்குப் பொட்டு எதுக்கு? எவளுக்குடா?"

"எலிக்கு அத்தை."

கையில் இருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அட்டையைக் கொடுத்துவிட்டு, "எலிக்குப் பொட்டு வைக்கவா எங்க அண்ணன் உன்னய இம்புட்டுப் படிக்க வச்சாரு?" என்றாள். அதற்குப் பிறகு நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதெல்லாம் உன் எலி எப்படி இருக்கிறது என்பதுதான் முதல் விசாரிப்பு.

ஆவணி முகூர்த்தத்துக்கு ஜாக்கெட்டுகள் குவிந்து கிடந்த ஒரு காலையில் அவளுக்கே பக்கவாதம் வந்தது. தைத்துக்கொண்டிருந்த துணி இடது கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்திருக்கிறது. விழுந்தது தெரியாமல் அவள் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். மாமா பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். "எங்கயும் நிக்காதீங்க மாமா, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, நானும் வாரேன்" என்றேன். "சரி மாப்ள" என்றார். நான் போய்ச் சேர்ந்து வாசலில் நின்றேன். நின்றேன் என்பது பொய், நடந்தேன். கேட்டுக்கும் டீக்கடைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். மாமாவின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. வருகிற ஒவ்வொரு ஆட்டோவுக்குள்ளும் குனிந்து பார்த்தேன். அடைப்பு வந்த சில மணி நேரத்துக்குள் அதைக் கரைக்கும் ஊசி போட்டால்தான் பலன் உண்டு. என் எலிகளுக்கு நேரம் பார்த்து நூலை உருவுகிறவன் நான். அன்றைக்கு நூல் என் கையில் இல்லை.

மாமா அவளைச் சாணார்பட்டிப் பக்கம் கொண்டுபோயிருந்தார். அங்கே ஒருவர் புறாவை அறுத்து, சூடு ஆறுவதற்குள் அந்த ரத்தத்தை வாதம் வந்த கை காலில் தேய்த்துவிடுவாராம். வெயில் சாய்ந்த பிறகுதான் வந்து சேர்ந்தார்கள். அத்தையின் இடது தோளிலிருந்து விரல்வரை காய்ந்த ரத்தம். நர்ஸ் பதறிப்போய்க் காயம் எங்கே என்று தேடினார். நேரம் கடந்துவிட்டது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி என்றும் பாராமல் நான் மாமாவைப் பார்த்துக் கத்தினேன். "எல்லாரும் அங்கதான் மாப்ள போறாங்க. எங்க சித்தப்பன் அங்க போயித்தான எந்திரிச்சு நடந்தாரு" என்று அவர் குழந்தைபோல் அழுதார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனாலும் யோசித்தால் அவருக்குப் புறா, எனக்கு எலி. இருவரும் ஒரு சின்ன உயிரை நம்பித்தான் இருந்தோம்.

உயிருக்கு ஆபத்தில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். பேச்சு லேசாகக் குழறியது, ஆனால் புரிந்தது. இடது கால் மெல்ல ஊன்ற வந்தது. இடது கை மட்டும் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள்போல மடியில் கிடந்தது. துணியை நகர்த்த அந்தக் கை வேண்டும். மெஷினைப் போர்த்தி வைத்தார்கள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான், அந்தக் கை திரும்ப வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் ஒரு மூலிகையிலிருந்து பிரித்தெடுத்த மருந்து எலிகளைத் தேற்றிக்கொண்டிருந்தது அவளுக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும். "அந்த மருந்தக் கொஞ்சம் கொண்டாந்து குடு மாப்ள" என்று மாமா என் கையைப் பிடித்தார். நான் அறைக்குள் நடந்துகொண்டே சொன்னேன்: என் எலிகள் எல்லாம் வாலிபப் பயல்கள், சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது. மருந்தையும் நூலை உருவும்போதே கொடுத்துவிடுகிறோம். இத்தனை நாள் கழித்து, மனித உடம்பில், யாரும் கொடுத்துப் பார்க்காத ஒன்றைக் கொடுத்து மூளையில் ரத்தம் கசிந்தால் என்ன செய்வது?

அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எலியாப் பொறந்திருந்தாத் தப்பிச்சிருப்பேன்ங்கிற" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "சரி விடு. மருந்துதான் தர மாட்ட. பொட்டாச்சும் வையி, எனக்கு எம்புட்டுத் தேறியிருக்குன்னு பாப்போம்."

மெஷின் கழுத்திலிருந்து ஒன்றை எடுத்து அவள் இடது புறங்கையில் ஒட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்து வேறெதையோ பேசிக்கொண்டிருந்தாள். பொட்டு அப்படியே இருந்தது. அதன் பிறகு போகும்போதெல்லாம் இது ஒரு வழக்கமாகிவிட்டது. பேச்சுக்கு நடுவே அவள் பார்க்காத நேரத்தில் ஒட்டுவேன், காத்திருப்பேன், கடைசியில் நானே எடுத்துவிடுவேன். கையை மடக்கி நீட்டும் பயிற்சியும் நடந்துகொண்டுதான் இருந்தது.

ஒருநாள் கேட்டாள்: "நல்லான எலிய என்னடா பண்ணுவ? அவுத்து விட்ருவியா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளிடம் வரவில்லை. தேறிய எலி, தேறாத எலி எல்லாம் கடைசியில் ஒரே மேசைக்குத்தான் என்றேன். மூளையை எடுத்துத் துண்டு போட்டுச் சாயத்தில் நனைப்போம். உயிருள்ள பகுதி சிவக்கும், செத்த பகுதி வெள்ளையாகவே நிற்கும்.

"அடப்பாவி. கொணமாயிட்டாலுமா?"

"கொணமானதத்தான் கண்டிப்பாப் பாக்கணும் அத்தை. எப்படிக் கொணமாச்சுன்னு தெரிய வேணாமா?"

எலியை விசாரிப்பதை அவள் அதோடு நிறுத்திவிட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம். வழக்கம்போல ஒட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போய் வந்தேன். பொட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்தாளோ என்னவோ, வாய் ஒரு பக்கமாகக் கோண, சிரித்தாள். "நீ வைக்கயிலேயே தெரியும்டா. எடுத்துட்டா என் தலையப் பொளந்து பாப்பியே, அதான் விட்டு வச்சிருக்கேன்."

குதித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். உறுத்தியதா, சில்லென்று இருந்ததா, கண்ணால் பார்த்துச் சொல்கிறாயா, முன்னாடியே தெரிந்ததா என்று கேள்விமேல் கேள்வியாகக் கேட்டேன். "எலிகிட்டப் போயி இம்புட்டுக் கேப்பியா?" என்றாள். கண்ணை மூடிக்கொள், இன்னொருதரம் வைக்கிறேன் என்றேன். "போடா, அலுப்பா இருக்கு. நாளைக்குப் பாப்போம்."

மறுநாள் விடிந்ததும் மாமா போன் செய்தார். இரண்டாவது அடைப்பு. இந்தமுறை அவர் எங்கும் திரும்பாமல் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார். நான் போனபோது அத்தை இல்லை. கழுவித் துடைத்திருந்த அந்த இடது கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். அன்றைக்குத்தான் நடக்காமல் ஓரிடத்தில் இருந்தேன்.

அந்தக் கைக்கு உணர்ச்சி திரும்பியிருந்ததா, இல்லை என் முகத்தைப் பார்த்து ஆறுதலுக்கு ஒரு வார்த்தை சொன்னாளா? மாமாவுக்குச் சந்தேகமே இல்லை. "புறா ரத்தம் கொஞ்சங்கொஞ்சமா வேல செஞ்சிருக்கு மாப்ள, அதுக்குள்ள ஆண்டவன் கூப்புட்டுக்கிட்டான்" என்கிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை. அவர் வீட்டுக்குப் போனால் போர்வையை விலக்கி மெஷின் கழுத்தைப் பார்த்துவிட்டு வருவேன். பொட்டுகள் சாயம் போய் ரோஜா நிறமாகிவிட்டன.

இன்று காலையும் டிராயரைத் திறந்து, அட்டையிலிருந்து இரண்டை உரித்து, ஓர் எலியின் முன்னங்கால்களில் வைத்தேன். வலது காலில் வைத்ததை உடனே கடித்து எடுத்தது. இடது காலில் வைத்தது அப்படியே இருக்க, என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முன்பெல்லாம் இந்த இடத்தில் 'உணரவில்லை' என்று எழுதுவேன். இப்போது 'எடுக்கவில்லை' என்று மட்டும் எழுதுகிறேன்.