காதுக்குப் பின்னால் ஒரு கறுப்பு

போன சனிக்கிழமை சலூனில் என் உயிர் ஒருமுறை போய் வந்தது.

மத்தியான நித்திரை முடித்து, தலைமயிர் வெட்டப் போய் உட்கார்ந்திருந்தேன். பாதி வெட்டியாகிவிட்டது. சலூன்காரர் கந்தையா பேச்சை நிறுத்தினார். அவர் பேச்சை நிறுத்துவது சின்ன விஷயமா? என் வலது காதை மெல்ல மடித்துப் பார்த்தார்.

“ஐயா, காதுக்குப் பின்னால கறுப்பாய் ஒண்டு கிடக்கு. முந்தி நான் காணேல்லை.”

உங்களில் பலருக்கு என் கதை தெரியும். தெரியாதவர்களுக்கு — வெள்ளைக்காரக் கப்பல்கள் போன பிறகும், துறைமுக ஜெட்டியில் சாமான் சரிபார்க்கும் கிளார்க்காக வெயிலிலேயே நின்றவன் நான். இடது காது விளிம்பில் ஆறாத புண் ஒன்று வந்தது. தோல் புற்றுநோய் என்றார்கள். கொழும்பில் வெட்டி எடுத்தார்கள். புற்று போயிற்று, கூடவே காதில் கொஞ்சமும் போயிற்று. அன்று முதல் என் மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் சரிந்தே நிற்கிறது. உலகமும் கொஞ்சம் சரிவாகத்தான் தெரிகிறது... பார்க்க வேடிக்கையாக இருக்கிறது!

மற்றபடி சுகமாகவே வாழ்கிறேன். முழுக்கைச் சட்டை, அகலத் தொப்பி, பட்டப்பகலில் குடை. சாம்பல்தீவு ஊர்ச் சொந்தக்காரர் கேலி செய்கிறார்கள். செய்யட்டுமே. மீன்குழம்பை அவர்களைவிட ருசித்துச் சாப்பிடுகிறவன் நான்தான்.

ஆனால் கந்தையா சொன்ன அந்த ஒரு சொல்லில் எல்லாச் சுகமும் போய்விட்டது. திரும்பவும் வந்துவிட்டதா? எனக்குப் பயம்... நல்ல பயம். கழுத்தில் சலூன் துணி, பாதி வெட்டிய தலை. அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள்.

என்னை வழக்கமாகப் பார்க்கும் டொக்டர் அன்று கடமையில் இருந்தது என் அதிர்ஷ்டம்.

“தொட்டு, சொறிஞ்சு பார்த்தனீங்களோ?”

“இல்லை டொக்டர். எதையும் சொறியக்கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தார். பஞ்சு கறுப்பாகிவிட்டது. அவர் முகத்தில் சிரிப்பு.

“இது புற்று இல்லை, பொட்டு. பிள்ளையளுக்கு வைக்கிற கறுத்தப் பொட்டு. ஆர் வைச்சது?”

ஆர் வைப்பது? நான் குறட்டை விடும்போது என் கிட்ட வரக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான்.

“ஓடி வந்தது நல்ல வேலை. இன்னொருக்கா ஏதும் கண்டாலும் இப்பிடியே வாங்கோ” என்றார் டொக்டர். “தலைமயிரை முழுக்க வெட்டிப்போட்டு வந்தால் இன்னும் நல்லது.”

கடற்கரை வீதி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தேன். யாரோ தெரியாத மனிதருக்குச் சலாம் வைத்தேன். அவரும் திருப்பி வைத்தார்!

வீட்டில் என் மனைவி புஷ்பம் கொஞ்சமும் அசையவில்லை.

“ஓம், நான்தான் வைச்சனான். நேற்றுக் கலியாணவீட்டில சனத்தின்ர கதையைக் கேட்டனீங்களே? புற்றுநோய் வந்த வருத்தக்காரன் மாதிரியே இல்லையாம், மாப்பிள்ளை மாதிரி இருக்கிறியளாம். கண்ணூறு நாவூறு படாதோ?”

“எனக்குச் சொல்லியிருக்கலாமே, புஷ்பம்?”

“சொன்னால் வைக்க விடுவியளோ?” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “இன்னொருக்கா உங்களைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்த ஆஸ்பத்திரி வாங்கில இருக்க என்னால ஏலாது.”

நான் கட்டிலில் கிடந்த நாட்களை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தவன். வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தவளை இத்தனை காலம் நினைக்கவில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

இப்போது கலியாணவீடு, கோயில் என்று எங்கே புறப்பட்டாலும் காதைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். அவள் சவ்வரிசி கருக்கிச் செய்த பொட்டை எடுத்து வைக்கிறாள்.

எந்தப் பக்கம் என்று டொக்டருக்கும் கந்தையாவுக்கும் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.