பூப்போட்ட செருப்புடன் ஏறிய வெள்ளைக் கோபுரம்

பயண அனுபவங்களைத் திரட்டிக் காக்கும் மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

ராயப்பேட்டைவாசியாகிய நான் சென்னைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். கடல் கடந்த துறைமுகம் ஒன்றை உயரத்திலிருந்து காண வேண்டுமென்பது என் நெடுநாள் ஆசை. அப்பேறு கிரேக்க நாட்டின் தெசலோனிகி நகரில் கிட்டியது!

அங்கே பழம்பெரும் தேவாலயம் ஒன்றினுள், மயிலாப்பூர்க் கோயிலுக்குச் செல்வது போலவே, செருப்பை வாசலில் விட்டுச் சென்றேன். வேறு வாசல் வழியாக வெளியேறி, பரவசத்தில் அப்படியே சுற்றுலாப் பேருந்தில் ஏறிவிட்டேன். கடற்கரையில், மேலேறினால் துறைமுகம் முழுதும் தெரியும் பழைய வெள்ளைக் கோபுரத்தருகே இறங்கியபோதுதான் கால் சுட்டது.

"இன்னாங்க, செருப்பு எங்க? நான் என்னோடத பையில போட்டுக்கினேன். உங்களுக்கு வாசல்ல வுட்டாத்தான் பக்தி!" என்றாள் என் மனைவி.

வெறுங்காலுடன் ஏறக் கூடாதெனக் காவலர் சைகையால் தடுத்தார். மனைவியின் செருப்போ என் காலில் நுழையவில்லை. என் ஆசை வாசலோடு முடிந்ததெனக் கலங்கினேன். அருகில் எள் தூவிய ரொட்டி வளையங்கள் விற்ற அம்மையார் இதைக் கண்டு, தம் பூப்போட்ட அகலமான செருப்பைக் கழற்றி என்முன் வைத்தார்.

"மாட்டிக்கினு ஏறுங்க, ஜோரா கீது!" என்று மனைவி சிரித்தாள்.

ஏறினேன். ஆகா! நீலக் கடல், கப்பல்கள், கிரேன்கள், மலைச்சரிவெங்கும் வீடுகள்! வாய்விட்டுக் கூவினேன். பின்பு கீழே நோக்கினேன். அவ்வம்மையார் சுடுகல்லில் கால் மாற்றி மாற்றி நின்று வியாபாரம் செய்துகொண்டிருந்தார்.

விரைந்திறங்கி, செருப்பைத் துடைத்து வைத்துக் கைகூப்பினேன். அவரோ ஒரு ரொட்டியையும் என் கையில் திணித்தார்.

அந்நகரின் பெயரைக் கேட்டால், கடலுக்கு முன்னே அக்கால்களே என் கண்ணில் நிற்கின்றன. இவ்வரலாற்றைத் தாங்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டுகிறேன்.