முக்காட்டில் சலித்த மண்

ஹனீஃபே பெரியம்மா வெள்ளையடித்த சுவர், அங்காராவுக்கு அப்பாலிருக்கும் எங்கள் ஊரில் தனியாகத் தெரியும். பெருநாளுக்கு முன்னால் கழுதையை ஓட்டிக்கொண்டு மலைக்குப் போய் வெள்ளை மண் வெட்டி வருவாள். சுவருக்கும் அந்த மண்தான், கூரைக்கும் அதுதான், பிறந்த பிள்ளைக்கும் அதுதான். சலித்து, தகரத்தில் வெதுவெதுப்பாகச் சூடாக்கி, துணியில் பரப்பிக் குழந்தையின் இடுப்பில் கட்டிவிட்டால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிள்ளை அழாமல் தூங்கும்.

பெரியம்மாவுக்கு முதலில் பிறந்தவை எதுவும் தங்கவில்லை. கடைசியாகப் பிறந்தவனுக்குத் துர்சுன் என்று பெயர் வைத்தாள். நிலைத்திருக்கட்டும் என்று அர்த்தம். மற்றவர்கள் சல்லடையில் சலித்தார்கள். அவள் தன் கல்யாண முக்காட்டை விரித்து அதில் சலித்தாள். ஒரு குருணைகூட அவனை உறுத்தக் கூடாதாம். அதே மாதம் பிறந்த எனக்குச் சாதாரணச் சல்லடை மண்தான். அதைச் சொல்லியே அவன் என்னைக் கடைசிவரை கேலி செய்தான்.

அங்காராவில் வாத்தியாராக இருந்தவன், நோயோடு ஊருக்குத் திரும்பி, போன வசந்தத்தில் நெஞ்சில் நீர் கோத்துச் செத்துப்போனான். ஆஸ்பத்திரிக்கு என் மினிபஸ்ஸில் நான்தான் கூட்டிப்போவேன். அங்கே ஒரு பெண் டாக்டர் நாட்டின் வரைபடத்தை விரித்துக் காட்டினார். நுரையீரலின் உறையில் வருகிற இந்தப் புற்றுநோய் எங்கேயும் அபூர்வமாம். மற்ற நாடுகளில் கப்பல் கட்டுகிறவனுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நார் ஆலையில் வேலை செய்கிறவனுக்கும் வருவது, இங்கே ஆலையையே பார்க்காத ஆடு மேய்ப்பவனுக்கு வருகிறது, வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு வருகிறது. படத்தில் நோயாளிகளைக் குறித்த புள்ளிகளெல்லாம் வெள்ளை மண் கிராமங்களாகப் பார்த்துக் குவிந்திருந்தன. இஸ்தான்புல்லில் செத்தவனும் ஜெர்மனியில் செத்தவனும் பிறந்தது அங்கேதான். அந்த மண்ணிலேயே கல்நார் இருக்கிறது. பொடியாக இருக்க இருக்க ஆழமாக உள்ளே இறங்குமாம்.

எனக்கு அந்த முக்காடு ஞாபகம் வந்தது. டாக்டரைக் கண்டபடி திட்டிவிட்டு வெளியே வந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

பெரியம்மா காதுக்கு இது போகக் கூடாது என்று ஊரே பேசிவைத்துக்கொண்டது. சர்க்கார் ஆட்கள் சுவர்களுக்குச் சிமெண்டு பூச வந்தபோது, ஊரை அழகுபடுத்துகிறார்கள் என்று புளுகினோம்.

"எழவெடுத்த சாம்பல் கலரு! இதுவாடா அழகு?" என்று அவள் தெருவில் நின்று கத்தினாள்.

குளிர் தொடங்கியபோது, வயது போன காலத்தில் எனக்கொரு மகள் பிறந்தாள். மறுநாளே பெரியம்மா துணிமூட்டையோடு வந்துவிட்டாள்.

"டேய் ஜெமால், தகரத்த அடுப்புல வை. புள்ளைக்கு மண்ணு கொண்டாந்திருக்கேன்."

என் மனைவி நூரான் என்னைப் பார்த்தாள். நான் இருமினாலே அவள் அப்படித்தான் பார்க்கிறாள், இப்போதெல்லாம்.

"வேணாம் பெரியம்மா. டவுன்ல ஈரத்த உறிஞ்சுற காகிதத் துணி விக்கிறான், வாங்கி வச்சிருக்கேன்."

"காகிதமா? புள்ள என்ன பலகாரமா, காகிதத்துல மடிக்க?"

"இப்பல்லாம் அதான் பெரியம்மா."

"எந் துர்சுன் இதுலதானே வளந்தான்? சிங்கமாட்டம் இருந்தானே! அதே முக்காட்டுலதான் உம் மகளுக்கும் சலிச்சேன். எனக்கு வேற யாருடா இருக்கா?"

சொல்லிக்கொண்டே முடிச்சை அவிழ்க்கப் போனாள்.

"அவுக்காத!" என்று கத்திக்கொண்டு மூட்டையைப் பிடுங்கினேன். நூரான் குழந்தையின் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு உள்ளறைக்கு ஓடினாள். மூட்டையைக் கொல்லையில் வைத்துவிட்டு நான் திரும்பியபோது, பெரியம்மா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அவ எதுக்குடா புள்ள மூஞ்சிய மூடினா?"

நான் கொல்லைக் கதவைச் சாத்தப் போனேன்.

"துர்சுன எதுல கட்டி வளத்தீங்கன்னு அந்த டாக்டரம்மா எங்கிட்டயும் கேட்டாங்க. நான் பெருமையாச் சொன்னேன். அவங்க தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க." என் கண்ணையே பார்த்தாள். "மண்ணாடா?"

"இல்ல பெரியம்மா, சிகரெட்டு. அங்காராவுல பழகிட்டான்."

"எம் புள்ள சிகரெட்டத் தொட்டதே இல்ல. சொல்லுடா, நைசா சலிச்சதுதான் தப்பாப் போச்சா?"

நான் அழுதுவிட்டேன். அவளுக்கு அதற்குமேல் பதில் தேவைப்படவில்லை. "எங்கம்மாவும்தானே அதுல கட்டினா, அப்ப யாருக்குத் தெரியும்" என்று ஏதேதோ சொன்னேன். அவள் காதில் எதுவும் விழவில்லை.

முற்றத்துக்குப் போய், போர்த்தியிருந்த சால்வையைக் கழற்றி ஓரமாக வைத்தாள். குழாயடியில் கையை முழங்கைவரை கழுவினாள். முகம், கழுத்து, கால் எல்லாம் கழுவினாள். மறுபடியும் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். குளிரில் கை சிவந்துபோயிற்று. பிறகு வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, "நூரான், இப்பத் தூக்கலாமாம்மா?" என்று கேட்டாள்.

நூரான் அழுதுகொண்டே வந்து குழந்தையை நீட்டினாள். கையை நீட்டிய பெரியம்மா சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"வேணாம். நீயே வச்சிரு. நான் இங்கருந்தே பாத்துக்கறேன்."