வெள்ளைப் பெனியன் போட்ட காகம்

ரொறன்ரோவில் காகத்தைக் கூப்பிட்டால் புறா வரும். புறாவுக்குப் பின்னால் கட்டடத்தைப் பார்க்கும் சுப்பரின்டென்டன் வருவார். ஸ்காபரோவில் எங்கள் பதினோராவது மாடிப் பல்கனியில் சோறு வைத்து, என் மனைவி தவமணி "கா, கா" என்று கூப்பிட்ட முதல் வருடம் இருபது புறாக்கள் பந்திக்கு வந்தன. மறுநாள் கதவுக்குக் கீழே ஒரு கடிதம் கிடந்தது: பறவைகளுக்கு உணவு போடக்கூடாது. இரண்டாம் வருடம் மாசிக் குளிரில் சோறும் கறியும் உறைந்து, உளியால் செதுக்கி எடுக்கவேண்டிய பதத்துக்கு வந்துவிட்டன. மூன்றாம் வருடம் மல்வேர்னில் ஒரு கடைப் பிளாசாவின் குப்பைத்தொட்டியில் உண்மையான காகம் ஒன்றைக் கண்டுபிடித்தோம். அது எங்கள் சோற்றை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, தான் தின்றுகொண்டிருந்த உருளைக்கிழங்குப் பொரியலுக்கே திரும்பிப் போய்விட்டது. இங்கத்தைத் தமிழ்ப் பிள்ளைகளைப் போலவே அதுவும் கனடாவில் பிறந்தது போலும்.

இதெல்லாம் தவமணியின் அப்பாவின் திவசத்துக்காக. அவர் யாழ்ப்பாணத்தில் செத்தபோது எங்கள் அகதி வழக்கு முடியவில்லை. செய்தியே பதினொரு நாள் கழித்துத்தான் வந்தது. ஒரே மகள், போக முடியவில்லை. வருடாவருடம் அந்த நாளில் சமைத்துப் படைத்து, காகம் எடுத்தபிறகுதான் சாப்பிடுவேன் என்று நிற்பாள். காகம் எடுக்காது, அவளும் சாப்பிடமாட்டாள். "மூண்டு வருசமா அப்பா பட்டினி" என்று அவள் சொல்வது எனக்குப் பழகிப்போயிருந்தது. எதற்கும் ஒரு பகிடி வைத்திருக்கிற நான் அப்போது மட்டும் எழும்பிப்போய்த் தேத்தண்ணி போடுவேன்.

நான்காம் வருடம் எங்களுக்குக் கனடியன் பாஸ்போர்ட் கிடைத்தது. ஊருக்குப் போகலாம் என்றால் சண்டையில் பாதை மூடிக் கிடந்தது. கென்யாவில், நைரோபியில் கணக்குப் படிப்பிக்கிற என் பள்ளித் தோழன் கூப்பிட, அங்கே போனோம். என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் கோர்டன், பறவை பார்ப்பதற்காகவே விடுமுறை எடுக்கிற ஆள், தன் பைனாகுலரையும் பறவைப் புத்தகத்தையும் என் கையில் திணித்து, நகுரு ஏரிப் பூங்காவின் பூநாரைகளைப் பார்க்காமல் வந்தால் முகத்தில் முழிக்காதே என்றிருந்தார். நானும் பெரிய பறவை ஆராய்ச்சியாளன் மாதிரி, வாடகைக்கு ஒரு வான் வண்டி பிடித்து நாளும் குறித்துவிட்டேன். பிறகுதான் தவமணி பஞ்சாங்கத்தைப் பார்த்தாள். அன்றுதான் திவசம்.

"வேற நாளைக்கு மாத்துங்கோ."

"விசர்க்கதை கதையாதையும். உலகத்துப் பறவையெல்லாம் வந்து இறங்கிற இடம் அது. அங்கை காகத்துக்கோ பஞ்சம்?"

இதைச் சொன்ன வாய் இந்த வாய்தான்.

விடியமுன் எழும்பித் தோழனின் குசினியில் சமைத்து, சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், வடை எல்லாவற்றையும் வாழையிலையில் கட்டிக்கொண்டு வான் வண்டியில் ஏறினாள். ஓட்டுநரும் வழிகாட்டியும் ஒருவரே; பெயர் கமாவு. அமைதியான மனிதர். பூங்காவுக்குள் நுழைந்து ஒரு வளைவு திரும்பியதும் ஏரி தெரிந்தது. கரை முழுக்க ரோசா நிறத்தில் சரிகை வைத்தமாதிரிப் பூநாரைகள். யாழ்ப்பாணத்தில் பண்ணைப் பாலத்தால் பள்ளிக்கூட பஸ்ஸில் போகும்போதெல்லாம், பருவகாலத்தில் இதே பறவை மண்டைதீவுப் பக்கத்துக் கடலில் ஒற்றைக்காலில் நிற்கும். நான் ஒருநாளும் தலையைத் திருப்பிப் பார்த்ததில்லை. பஸ்ஸின் முன்சீற்றில் பார்க்க வேறு காட்சிகள் இருந்தன. இப்போது அதையே பார்க்க இரண்டு விமானம் மாறி வந்திருக்கிறேன்.

"இடதுபக்கம் காண்டாமிருகம்" என்றார் கமாவு.

"காகம் இருக்கோ எண்டு கேளுங்கோ" என்றாள் தவமணி, வலதுபக்கம் பார்த்துக்கொண்டு.

கேட்டேன்.

"காகமா? நைரோபியில் குப்பைமேட்டில் நிற்குமே, அதுவா?"

"அதுதான்."

கமாவு வண்டியை மெதுவாக்கித் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஐயா, சிறுத்தை கேட்பார்கள். சிங்கம் கேட்பார்கள். பன்னிரண்டு வருடமாக ஓட்டுகிறேன், காகம் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்" என்றார். நாங்கள் பூங்காவைக் குறை சொல்கிறோம் என்று நினைத்துவிட்டார் போலும். பாவம், அதற்குப்பிறகு வரிக்குதிரையைக்கூடக் கொஞ்சம் மன்னிப்புக் கேட்கும் குரலில்தான் காட்டினார். நான் கோர்டனின் புத்தகத்தில் கண்ட பறவைகளுக்கெல்லாம் புள்ளடி போட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். நாற்பத்தொன்று. காகம் மட்டும் இல்லை. தவமணி என் பக்கம் பார்க்கவே இல்லை. அது திட்டுவதைவிட மோசம்.

பதினொன்றரைக்கு மேல் மரநிழலில், ஆட்கள் இறங்கி இருந்து சாப்பிடும் இடத்தில் வானை நிறுத்தினார். தவமணி பார்சலை அவிழ்த்ததுதான் தாமதம், எங்கிருந்தோ ஒரு காகம் வந்து இறங்கியது. அவள் ஒரு பிடி சோற்றை எடுத்துவிட்டாள். அதற்குள் கமாவு குறுக்கே வந்து நின்று, பின்னால் இருந்த பலகையைக் காட்டினார். விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் உணவு போடக்கூடாது. ஸ்காபரோவில் கதவுக்குக் கீழே வந்த கடிதம் எங்களுக்கு முன்பே இங்கே வந்து சேர்ந்திருந்தது.

"அம்மா, என் லைசன்ஸ் போய்விடும்" என்றார்.

நான் மொழிபெயர்க்க வாயைத் திறக்குமுன் அவள் சோற்றைத் திரும்ப இலையில் வைத்துவிட்டாள். "விடுங்கோ. அந்த மனுசன்ர வேலைக்கு நாங்கள் உலை வைக்கக்கூடாது."

இலையைத் திரும்பக் கட்டும்போது அவள் முடிச்சை மூன்றுதரம் அவிழ்த்து முடிந்தாள். கமாவு அதைக் கவனித்து, யாருக்காக இது என்று கேட்டார். சொன்னேன். செத்துப்போன அப்பா காகமாக வந்து சாப்பிடுவார் என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. "நாங்கள் பியர் குடிக்குமுன் கொஞ்சம் நிலத்தில் ஊற்றுவோம். என் அப்பாவுக்கு. அவர் உங்கள் மாமாபோல இல்லை, சாப்பாட்டைவிடக் குடிதான் விருப்பம்" என்றார். பிறகு வழியையும் அவரே சொன்னார். வாசலுக்கு வெளியே போனால் பூங்காச் சட்டம் இல்லை. ஆனால் எங்கள் சீட்டு ஒருமுறை நுழைவதற்குத்தான். வெளியே போனால் போனதுதான். சிங்கம், சிறுத்தை, தெற்குக் கரை எல்லாம் இன்னும் பாக்கி.

என் கமெராவிலும் இருபது படம் பாக்கி. கோர்டனின் முகம் ஒருகணம் வந்துபோனது.

"வெளியால போவம்" என்றேன்.

"நீங்கள் உதுகளைப் பாக்கவெண்டுதானே வந்தனீங்கள்" என்றாள் தவமணி. அன்று காலைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வசனம்.

"பாத்தாச்சு. எல்லாம் ஒரே நிறம்."

வாசலுக்கு வெளியே, வேலியோரம் ஒரு கல்லில் இலையை விரித்தாள். நாங்கள் மூவரும் வானுக்குப் பின்னால் ஒளித்து நின்றோம். பத்து நிமிடத்தில் ஒன்று வந்தது. ஆனால் கழுத்தும் நெஞ்சும் பளிச்சென்று வெள்ளை. பெனியன் போட்ட காகம். பூங்காவுக்குள் வந்த காகமும் இதே சாதியாகத்தான் இருக்கும். அவசரத்தில் சோற்றைப் பார்த்தோமே தவிர ஆளைப் பார்க்கவில்லை.

"உது காகமோ?" என்றாள்.

புத்தகத்தைப் புரட்டி, "காகம்தான். படத்தோடை போட்டிருக்கு" என்றேன்.

"அது சரி. நான் இஞ்சை நிக்கிறன் எண்டு அப்பாக்கு ஆர் சொன்னது? அவருக்கு எங்கட கனடா விலாசமே தெரியாது."

அந்தக் காகம் இலையைச் சுற்றி ஒருதரம் நடந்தது. பருப்பைக் கிளறிப் பார்த்தது. பிறகு சோற்றில் வாய் வைத்தது. தவமணி என் சேர்ட்டைப் பிடித்திருந்த பிடியில் ஒரு பொத்தான் கழன்று விழுந்தது. நாலு வாய், ஐந்து வாய் தின்றுவிட்டு, வடையைக் கவ்விக்கொண்டு வேலிக்கு மேலால் பறந்து போய்விட்டது.

அவள் வானின் படியில் குந்தியிருந்து சாப்பிட்டாள். கமாவுக்கும் போட்டுக் கொடுத்தாள். உறைப்பில் அவருக்கு மூக்கால் ஓடியது. ஆனாலும் இரண்டாம் தரமும் கையை நீட்டினார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, இஞ்சையிருந்து எங்கட வீடு எந்தப் பக்கம்?"

"எந்த வீடு?"

"அப்பா வழியைத் தவறவிட்டிடுவார், சொல்லுங்கோ."

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வரைபடம் இருந்தது. ஆபிரிக்கா மட்டும்தான். இரண்டு வீடும் தாளுக்கு வெளியே. சூரியனைப் பார்த்து ஒரு குத்துமதிப்பாக வலது கையை வடகிழக்கே நீட்டி, "உது யாழ்ப்பாணம்" என்றேன். இடது கையை வடமேற்கே நீட்டி, "ஸ்காபரோ உங்காலை" என்றேன். தவமணி ஒரு கையைப் பார்த்தாள், பிறகு மற்றக் கையைப் பார்த்தாள். கமாவு, நான் ஏரிக்கரையில் சிறகு காயவைக்கும் நீர்க்காகம்போல நடிக்கிறேன் என்று நினைத்துக் கைதட்டிச் சிரித்தார். அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் கையை இறக்கவில்லை.