அரிசி வருமுன் உலை வைத்தவர்

அன்று காலை எழுந்ததும் முதலில் என் புத்தகங்களைச் சாக்கில் போட்டுக் கட்டினேன். தை பிறந்ததும் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாறிப் போக வேண்டியிருந்தது. அண்ணா பலரிடம் அலைந்து வாங்கித் தந்த இடமாற்றம். இரண்டாவது சாக்கை விரித்தபோது வாசல் படலையில் மாரியாயி நின்றாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சுபவள்.

"றோசலின் டீச்சர் விடியகாலையில ஆஸ்பத்திரியில தவறிட்டாங்க, டீச்சர்" என்றாள். "இன்னிக்கு உலை வைக்கவா, வேணாமா?" என்று கேட்டாள். நான் கையிலிருந்த சாக்கைக் கீழே வைத்தேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

இங்கே தர்மபுரத்தில் றோசலின் ரீச்சரிடம் படித்தவர்களுக்கும் அவரோடு படிப்பித்தவர்களுக்கும் அந்தக் கஞ்சியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள், பசியில் வகுப்பறை வாங்குப் பலகையிலே சுருண்டு படுப்பதைக் கண்டு ரீச்சர் தொடங்கியது அது. அரிசி ஒருபோதும் ஒழுங்காக வந்ததில்லை. முரசுமோட்டையில் வயல் செய்யும் கமக்காரர் ஒருவர் ஒரு மூட்டை இறக்குவார். தேவாலயத்துப் பெண்கள் சமைக்குமுன் எடுத்து வைக்கும் பிடியரிசி வரும். பிறகு சில நாட்கள் ஒன்றும் வராது. நான் கணக்குப் படிப்பிப்பவள். இருப்பதை மாதத்துக்குப் பிரித்து வைப்போம் என்பேன். "பிள்ளையளுக்கு மாதாமாதம் பசிக்கிறேல்லை" என்பார்.

மாரியாயி ஒரு பிடி சோற்றைக் காகத்துக்கு வைத்த பிறகே பிள்ளைகளுக்குக் கஞ்சி வார்ப்பாள். எங்கள் தேவாலயத்தில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. ரீச்சரோ, பஞ்ச காலத்தில் எலியா தீர்க்கதரிசிக்குக் காகங்கள் அப்பம் கொண்டுவந்து கொடுத்த கதையை அவளுக்குச் சொன்னார்.

"அப்ப அது எங்க காக்காவாத்தான் இருக்கும், டீச்சர். நாங்க போட்டதத் தூக்கிட்டுப் போயி உங்க சாமியாருக்குக் குடுத்திருக்கும்" என்றாள் மாரியாயி. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ரீச்சர் இதை எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தார். அதன்பின் காகத்தைப் பற்றி யாரும் கதைக்கவில்லை.

மழை பொய்த்த ஒரு வருடம், அரிசி அடியோடு முடிந்துபோனது. பிள்ளைகளை வேளைக்கே வீட்டுக்கு அனுப்புவோம் என்று சொல்லப் போனேன். ரீச்சர் பானையில் தண்ணீர் நிரப்பி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்.

"வெறுந் தண்ணியைக் காய்ச்சி என்ன செய்யப் போறியள்?"

"அரிசி வரேக்க தண்ணி கொதிச்சிருக்க வேணும் எல்லோ."

"வராட்டி?"

"வராட்டி வராது. அதுக்கு அடுப்பையும் ஏன் பட்டினி போடுவான்?"

புகையைக் கண்டு தாய்மார் வந்தார்கள். இரவுக்கென்று வைத்திருந்ததில் ஒருத்தி ஒரு பிடி போட்டாள், இன்னொருத்தி ஒரு சுண்டு அளந்து போட்டாள். கஞ்சி தண்ணீராகத்தான் இருந்தது. ஆனால் எல்லோருக்கும் கிடைத்தது.

இதை அற்புதமென்று சொல்பவர்கள் மறுநாளைச் சொல்வதில்லை. மறுநாளும் அவர் உலை வைத்தார். ஒன்றும் வரவில்லை. கஞ்சி குடிக்கும் பேணிகளோடு காத்திருந்த பிள்ளைகளின் நடுவே நிலத்தில் குந்தியிருந்து, "இண்டைக்கு வரேல்லை, பிள்ளையள்" என்று மட்டும் சொன்னார்.

"கடவுள் சோதிக்கிறார் எண்டாவது சொல்லியிருக்கலாமே" என்றேன் பிறகு.

"பசிச்ச பிள்ளைக்கு முன்னால அவருக்காக நான் சாட்டுச் சொல்ல மாட்டன். ஏன் எண்டு அவரிட்டத்தான் கேப்பன்."

கடைசி நாட்களில் அவருக்கு வேண்டிய நீரிழிவு ஊசிமருந்து வந்து சேரவில்லை. சண்டையால் தெற்கிலிருந்து மருந்து வரும் பாதை பூட்டியிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், அன்றன்றைய ஆகாரத்தைக் கேட்கும் ஜெபத்தையே அவர் உதடு சொல்லிக்கொண்டிருந்தது. நாளைக்கு மருந்து வந்துவிடும் என்றேன். "நாளையான் கதையை விடும். இப்ப தலகணியைக் கொஞ்சம் உயர்த்தி வையும்" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட கடைசி வார்த்தை அது.

அவருக்கிருந்த விசுவாசம் எனக்கு இல்லை. அந்த மருந்து ஏன் வரவில்லை என்ற கேள்வி என்னை விடவில்லை. ஆனால் ஆறுதலுக்காக ஒரு பதிலை நானே செய்துகொள்ளாமல், அதைக் கடவுளிடமே கொண்டுபோய்க் கேட்கிறேன். ரீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்.

அன்று படலையில் நின்ற மாரியாயியிடம், "உலையை வையுங்கோ" என்றேன். அவள் போன பிறகுதான், தைக்குப் பிறகு இதை யாரிடம் போய்க் கேட்பாள் என்ற நினைவு வந்தது.

நான் யாழ்ப்பாணம் போகப் போவதில்லை. அண்ணாவுக்கு இன்னும் சொல்லவில்லை. யாருக்கும் சொல்லவில்லை.