சாம்பல் நிறக் கதவு வைத்த கார்

அந்தக் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்திய அன்றே எனக்கு அதன் மேல் நம்பிக்கை வரவில்லை. உடம்பெல்லாம் கறுப்பு. பின்பக்கத்து இடது கதவு மட்டும் சாம்பல். போதாதற்குப் பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"ஏன் அத்தான், பின்னால இப்பிடித் தூக்கிக்கிட்டு நிக்கி?" என்று கேட்டேன்.

"ஸ்பிரிங் பட்டை கூடுதலாப் போட்டிருக்காரு. ரோடு மோசம்லா, அதுக்குத்தான்."

விற்றவர் பவானிபூர்க்காரர். மனைவி கோயிலுக்குப் போய்வர மட்டுமே வைத்திருந்த கார் என்று சொன்னாராம். கோயிலுக்குப் போகிற ஒரு பெண்ணைச் சுமக்க எதற்கு இத்தனை பட்டை என்று நினைத்தேன். பழைய கார் என்றாலும் கார் வாங்கிவிட்ட சந்தோஷத்தில் அத்தான் இருந்தார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து கல்கத்தாவில் டாக்குரியாவுக்கு வந்து எனக்கு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அத்தானுக்கு அலிப்பூரில் மத்திய சர்க்கார் உத்தியோகம். எங்களோடு அவர் தங்கையும் இருந்தாள். மாமனார் இங்கே வேலை பார்த்த காலத்தில் அவளை மட்டும் கூட்டிவந்து வளர்த்திருந்தார்கள். அவர் ரிட்டையராகி ஊருக்குப் போன பிறகும் படிப்பை முடிக்க இங்கேயே தங்கிவிட்டாள். அவளுக்குத் தமிழைவிடப் பெங்காலிதான் சரளம். அத்தான் பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் இருந்து படித்தவர். இங்கிலீஷையும் கொஞ்சம் இந்தியையும் வைத்துக்கொண்டு காலம் தள்ளிக்கொண்டிருந்தார். எனக்கோ மார்க்கெட்டில் கேட்ட நாலைந்து வார்த்தைதான். ஆக, வெளியே என்ன பேசினாலும் நாத்தனார் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும். "வயசுப் பிள்ளை, ஒரு கண்ணு வச்சுக்கோ" என்று மாமியார் ரயிலேற்றும்போது என்னிடம் சொல்லி அனுப்பியிருந்தார். நான் இரண்டு கண்ணையும் வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தெற்கே ஆற்றங்கரை வரைக்கும் போய்வரலாம் என்று முடிவானது. எந்த வழி என்று பேச்சு வந்தபோது நாத்தனார் சொன்னாள்: "மெயின் ரோடு வேண்டாம் அண்ணே. பாருயிப்பூர் தாண்டி உள்ரோட்டுல போனா கொய்யாத் தோப்பும் குளமும் அவ்வளவு அழகாம். காரை வித்தவரே அன்னைக்கு சொன்னாரு."

அவர் அதைப் பெங்காலியில் சொன்னபோது நானும்தான் பக்கத்தில் இருந்தேன். அவர் சொன்னாரா, இவளாகச் சேர்த்துக்கொண்டாளா, யார் கண்டது? கிளம்பும்போது புதுச் சேலை வேறு கட்டிக்கொண்டாள். மடியில் ஒரு சால்வை. அந்த வெயிலில் எதற்குச் சால்வை என்று கேட்டதற்கு, ஜன்னல் வழியாகப் புழுதி வரும் என்றாள்.

நான் விடியற்காலையில் எழுந்து புளிச்சோறு கட்டினேன். அப்போது கல்கத்தாவில் எல்லாருக்கும் ரேஷன் அரிசிதான். வெளி ஜில்லாவிலிருந்து நகரத்துக்குள் ஒரு மூட்டை கொண்டுவரக்கூடத் தடை. அந்த ரேஷன் அரிசிக்கு ஊறிப்போன சாக்கின் வாடை. அதைக் கொஞ்சமாவது அடக்க எனக்குப் புளி ஒன்றுதான் தெரிந்திருந்தது.

பாருயிப்பூர் தாண்டி உள்ளே திரும்பியதும் அழகு என்னவோ உண்மைதான். இரண்டு பக்கமும் குளங்கள், குளத்துக்குள் தலைகீழாகத் தென்னை. மூங்கில் பாலங்கள். மண் ரோட்டில் எங்கள் கார் மட்டும் குதித்துக் குதித்துப் போனது. ரயில்வே கேட்டில் நின்றபோதுதான் முதலில் கவனித்தேன். கேட்காரன் காரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். எங்களுக்கு முன்னால் நின்ற மாட்டு வண்டியை ஒதுங்கச் சொல்லி, எங்களை முதலில் போகச் சொன்னான்.

"பாத்தியா, எவ்வளவு மரியாதை" என்றார் அத்தான்.

அடுத்து ஒரு டீக்கடை. அத்தான் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். கடைக்காரர் நாத்தனாரிடம் தணிந்த குரலில் என்னவோ கேட்டார். அவளும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"என்ன கேட்டாரு?"

"ஒண்ணுமில்ல மதினி. இந்தக் காரை அவருக்குத் தெரியுமாம். புது ஆளுங்களான்னு கேட்டாரு. ஆமான்னேன்."

இவ்வளவு நேரம் பேசியது இதைத்தானா? எனக்கு நம்பிக்கை வரவில்லை. அப்போதுதான் அந்தப் பையனைப் பார்த்தேன். கட்டம் போட்ட சட்டை, இருபத்திரண்டு வயதிருக்கும், சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு எங்கள் காரையே பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் கிளம்பியதும் அவனும் கிளம்பினான். அந்த ரோட்டில் காரும் சைக்கிளும் ஒரே வேகம். நாங்கள் பள்ளத்தில் இறங்கி ஏறுவதற்குள் முந்துவான், பிறகு திரும்பிப் பார்த்துச் சிரிப்பான்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. வழி சொன்னது இவள். சேலை புதிது. பின்னால் ஒரு பையன். மாமியாருக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

"ஏட்டி, அந்தப் பையன் யாரு?" என்று அவள் காதோரம் கேட்டேன்.

"எந்தப் பையன்?" என்றாள். அந்த முகத்தில் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை. நல்ல நடிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு குளத்து வளைவில் அவன் சைக்கிளைக் குறுக்கே போட்டுக் கையைக் காட்டினான். அத்தான் பிரேக் போட்டார். வாழைத் தோப்புக்குள்ளிருந்து ஏழெட்டுப் பெண்கள் தலையில் மூட்டையோடு ஓடிவந்தார்கள். பையன் சாம்பல் கதவைத் திறந்து, "இறங்குங்கள்" என்பதுபோல் எங்களுக்குச் சைகை காட்டினான். பயத்தில் இறங்கிவிட்டோம். அவன் பின் சீட்டின் ஓரத்தில் கையை விட்டு ஒரே இழுப்பு. சீட்டு அப்படியே கையோடு வந்தது. அடியில் தகரம் அடித்த ஒரு பெரிய பெட்டி. அந்தக் காரில் அப்படி ஓர் இடம் இருப்பது எங்களுக்குத் தெரியாது.

"ஏய்! ஏய்! என்ன பண்ணுதே?" என்று அத்தான் தமிழிலேயே கத்தினார்.

அந்தச் சத்தத்தில் எல்லாரும் நின்றுவிட்டார்கள். அவரை மேலும் கீழும் பார்த்தார்கள். அன்றைக்கென்று பார்த்து அவர் காக்கிக் கால்சட்டை போட்டிருந்தார். "புலிஷ்" என்று யாரோ சொன்னது எனக்கே புரிந்தது. மூட்டைகள் தோப்புக்குள் மறைந்தன. ஆம்பிளைகள் வந்தார்கள். பையன் கார்ச் சாவியை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

நாத்தனார் படபடவென்று பேசினாள். பேசும்போதே அவளுக்கு விஷயம் பிடிபட்டது.

"அண்ணே, இது அரிசி கடத்துற வண்டி. வித்தவர் ஞாயித்துக்கிழமைதோறும் வருவாராம். நாம அவர் அனுப்புன ஆளுன்னு நெனச்சிருக்காங்க. இப்ப என்னடான்னா நாம போலீசாம், அவரைப் பிடிச்சுட்டு அவர் வண்டியில வந்திருக்கோம்னு சொல்றாங்க."

"விலைக்கு வாங்குனோம்னு சொல்லு!"

"சொல்லிட்டேன். நம்ப மாட்டேங்கிறாங்க."

நானும் அத்தானும் தமிழில் பேசப் பேச அவர்கள் முகம் இன்னும் இறுகியது. "கீ பாஷா?" என்று ஒருவர் அதட்டினார். நாங்கள் ரகசிய பாஷையில் பேசிக்கொள்கிறோமாம். நாத்தனார் மட்டும் விடாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மாள் முன்னால் வந்தார். என் தாயார் வயதிருக்கும். எல்லாரும் அவருக்கு வழிவிட்டார்கள். முன் சீட்டில் இருந்த தூக்குப் போணியைக் காட்டி, இதில் என்ன என்றார். திறந்தேன். மோந்து பார்த்தார். ரெண்டு பருக்கை எடுத்து வாயில் போட்டார். புளி முதலில் அவர் கண்ணைச் சுருக்கியது. அப்புறம் மெதுவாக மென்றவர் தூவென்று துப்பினார்.

"ரேஷனேர் சால்!"

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஆம்பிளைகளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன சொல்லுதாங்க?"

நாத்தனாரும் சிரித்துக்கொண்டிருந்தாள். "ரேஷன் அரிசியைக் கட்டிக்கிட்டு ஊர் சுத்த வர்றவங்க போலீசாவும் இருக்க மாட்டாங்க, கடத்துறவங்களாவும் இருக்க மாட்டாங்களாம். பாவப்பட்ட ஜனங்களாம்."

எனக்கு மானம் போனதா, உயிர் வந்ததா என்று தெரியவில்லை. அந்த அம்மாள் என் கன்னத்தைத் தட்டி "பௌமா" என்று, மருமகளைக் கூப்பிடுவதுபோல், என்னவோ ஆறுதலாகச் சொன்னார். பையன் சாவியைக் கொடுத்தான். நாத்தனார் பக்கம் அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த அம்மாள் ஒரு சின்ன மூட்டையை அத்தானிடம் நீட்டினார்.

"வேண்டாம், வேண்டாம். எனக்கு வேலை போயிரும்" என்று அத்தான் பின்வாங்கினார். நான் அந்த மூட்டையைப் பார்த்தேன். அவிழ்ந்த நுனியில் அரிசி வெள்ளை வெளேரென்று இருந்தது. என்னைக் கேட்டிருந்தால் வாங்கியிருப்பேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சீட்டைப் பழையபடி பொருத்தக் குனிந்துவிட்டார்.

ஆற்றை நாங்கள் பார்க்கவேயில்லை. காரைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே வந்தோம். காரை விற்ற மனுஷன் இந்த வழியை எதற்குச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாத்தனமாகச் சொன்னாரா, எங்கள் காரில் தன் சரக்கு வந்து சேரட்டும் என்று ஏதாவது ஏற்பாடா, சொல்ல முடியாது. பிறகு அத்தான் பவானிபூர் போய்ப் பார்த்தபோது அந்த வீடு பூட்டிக் கிடந்தது.

நகரத்துக்குள் நுழையும் இடத்தில் சோதனைச் சாவடி. கான்ஸ்டபிள் சாம்பல் கதவைப் பார்த்தார், ஜன்னலில் குனிந்தார். "ஆஜ் காலி?" என்றார். இன்றைக்குக் காலியா என்பது எனக்கே விளங்கியது. அத்தான் பொம்மை மாதிரித் தலையை ஆட்டினார். கான்ஸ்டபிள் ஏமாற்றத்தோடு கையை அசைத்துப் போகச் சொன்னார்.

நாத்தனார் அப்போது சால்வையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். வழியில் டீக்குக்கூட இறங்கவில்லை. அதையும் கவனித்தேன். இன்னும் அந்தப் பையன் ஞாபகம்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

வீடு வந்து அத்தான் குளிக்கப் போன பிறகு அவள் சமையலறைக்கு வந்து சால்வையை விரித்தாள். உள்ளே அந்த மூட்டை.

"அண்ணன் சீட்டை மாட்டிக்கிட்டிருக்கும்போது அந்த வெள்ளைச் சேலை மாஷிமா என் சால்வைக்குள்ள செருகிட்டாங்க மதினி. எனக்கு வேண்டாம்னு சொல்ல மனசு வரலை."

"போலீசு பாத்திருந்தா?"

"அதான் மூச்சே விடலியே."

வழியெல்லாம் அவளை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தேன். சந்தேகப்படாதது ஒன்றுமில்லை, இதைத் தவிர. ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அந்த வீட்டுக்கு நான் வந்து சேர்ந்தபின் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

சாயங்காலமே வடித்தேன். வெறும் ரசம்தான். அத்தான் முதல் கவளத்தை வாயில் வைத்ததும் நிறுத்தினார். என்னைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். நாங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ரேஷன்ல புது அரிசி வந்திருக்கோ?"

"ஆமா அத்தான்."

அவர் எழுந்து போய், பக்கத்து வீட்டைப் பார்த்த ஜன்னலைச் சாத்தித் தாழ் போட்டார். திரும்பி வந்து உட்கார்ந்தவர் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"இன்னும் கொஞ்சம் போடு."